பள்ளத்தில் எழுத்து

எழுத்து இல்லாமையால் ஆனது என்று ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் அதை ஒரு கோட்பாடாக எடுத்துக்கொண்டு விவாதத்துக்குத் தயாராகிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது என் காரின் பின்பக்க பம்பரைப் பற்றி.

போன வருஷம் பழைய கார் ஒன்று வாங்கினேன். அதன் பின்பம்பரின் கீழ்ப்பகுதி பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக். நடுவில் காரின் பெயர், ஆங்கில எழுத்துகள் ஆறு, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்வாங்கியிருக்கின்றன. ஒட்டிய எழுத்து இல்லை, எழுதிய எழுத்தும் இல்லை. அந்த ஆறு இடங்களில் பிளாஸ்டிக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மத்தியான வெளிச்சத்தில் பெயர் இருப்பதே தெரியாது. மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் சாயும்போது ஒவ்வொரு எழுத்தின் ஒரு விளிம்பிலும் நிழல் ஏறி, பெயர் சிறிது நேரம் படிக்கக் கிடைக்கும். பிறகு இருட்டிவிடும். ஒரு கவிதை இப்படி நடந்துகொண்டிருந்தால் நான் பாராட்டி எழுதியிருப்பேன். காராகப் போய்விட்டதால் எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் அதே மாதிரிக் காரில் எழுத்துப் பள்ளங்களுக்கென்றே வெட்டி விற்கும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார். அவர் கார் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றது. என் கார் வாயை மூடிக்கொண்டு நின்றது. ஸ்டிக்கர் ஒட்டுவது என் ரசனைக்குக் குறைவு என்று பட்டதால் நானே பெயின்ட் அடிப்பதென்று தீர்மானித்தேன். ஆசையின் மூலம் பொறாமை. அதன் மேல் ரசனை என்று ஒரு பூச்சு. இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

நான் குடியிருப்பது இருங்காட்டுக்கோட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. வேலை, அதே சாலையில் ஒரு வங்கிக் கிளையில். ஏரிப் பாசன நிலமாக இருந்த இந்தப் பக்கத்துக்கு 1990இல் கார்ப் பந்தயப் பாதை வந்தது. 1998இல் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். இவற்றைச் சுற்றி இருக்கை, கண்ணாடி, பம்பர், வயர் என்று உறுப்புகளைச் செய்து தரும் ஆலைகள். பெயர் சூட்டப்படுவதற்காகவே பொருள்கள் பிறக்கிற ஊர் இது. பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின்களின் ஒலி தெருக்கோடி வரை கேட்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நான் பம்பரின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். எங்கள் கிளைக்கு நகையை மீட்க வரும் பையன் ஒருவன் பம்பர் வார்க்கும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எழுத்து எப்படி உள்ளே போகிறது என்று அவனைக் கேட்டேன். பாலிப்ரொப்பிலீன் மணிகளை இருநூறு டிகிரிக்கு மேல் உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். அச்சின் எஃகில் அந்தப் பெயர் புடைத்து நிற்கிறது, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி. பிளாஸ்டிக் அதைச் சுற்றிக்கொண்டு இறுகுகிறது. அச்சு விலகும்போது எழுத்து இருந்த இடம் பள்ளமாக மிஞ்சுகிறது. 'சார், எழுத்து எங்க ஆலையிலேயேதான் இருக்கு. வண்டியில இருக்கறது அதோட தடம்' என்றான். சாதாரணமாகச் சொன்னான். நகைக் கவரை வாங்கி எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

அன்று முழுவதும் எனக்கு அச்சுக்கூடங்களின் ஞாபகம். நான் அவற்றில் வேலை செய்ததில்லை. என் தலைமுறை எழுத்தைத் திரையில் பார்த்தே வளர்ந்தது. ஆனால் மூர் மார்க்கெட் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிச் சேர்த்த சில இதழ்கள் என்னிடம் உண்டு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து', 1970இல் வந்த 'கசடதபற'. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அடித்த காலத்தவை. அந்தத் தாள்களின் பின்பக்கத்தை விரலால் தடவினால் சில இடங்களில் எழுத்துகள் லேசாகப் புடைத்திருக்கும். முன்பக்கத்தில் ஈயம் அழுந்தியதால் ஏற்பட்டது. அங்கேயும் அதே கணக்குதான்: தாய் அச்சில் எழுத்து பள்ளம், அதில் வார்த்த ஈயத்தில் மேடு, தாளில் மறுபடி சிறு பள்ளம். ஒன்றின் இன்மை இன்னொன்றின் இருப்பு. ஒரு வித்தியாசம். தாளில் பள்ளமும் மையும் ஒரே கணத்தில் விழுகின்றன. பம்பரில் பள்ளம் மட்டும் இருக்கிறது. மை நம் பொறுப்பு.

என் முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். எழுத்துகளின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, விளிம்புகளைப் பிளேடால் கீறி, உள்ளே இருந்த டேப்பை உரித்தேன். எழுத்து மட்டும் திறந்திருக்க, சுற்றிலும் மூடப்பட்ட நிலை. எனக்குத் திருப்தியாக இருந்தது, பாதுகாப்பு எல்லாப் பக்கமும் செய்தாயிற்று என்று. பூஜ்யம் நம்பர் பிரஷ்ஷில் வெள்ளை எனாமலைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக நிரப்பினேன். ஒன்றரை மணி நேரம். டேப்பை எடுத்தபோது தெரிந்தது. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு மொழுமொழுவென்று இல்லை. தோல் மாதிரி நுண்ணிய சொரசொரப்பு கொண்டது. அந்தச் சொரசொரப்பின் இடுக்குகள் வழியே பெயின்ட் டேப்புக்கு அடியில் ஊர்ந்து வெளியே பரவியிருந்தது. எழுத்துகளுக்கு மீசை முளைத்த மாதிரி. பள்ளத்தின் உள்ளேயோ பெயின்ட் மூலைகளில் திரண்டு, நடுவில் மெலிந்து கறுப்பு தெரிந்தது. நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேனோ அவ்வளவும் எழுத்துக்கு வெளியே போயிருந்தது.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், இதுவரை எங்கும் நான் எழுதியதில்லை. அவர் எழுத்துப் பெயின்டர். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து லாரி ஷெட்டுகளில் நாற்பது வருஷம். லாரியின் பின்பலகையில் 'ஒலி எழுப்பவும்', சிவப்பு முக்கோணத்தோடு 'நாம் இருவர் நமக்கு இருவர்', முதலாளியின் பெண்களின் பெயர்கள், கடைப்பலகைகள், நம்பர் பிளேட்டுகள். சாக்பீஸ் தூள் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போடுவார். ஸ்கேல் கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் வைப்பார், அவர் மொழியில் 'ஷேடு'. எழுத்து பலகையிலிருந்து எழும்பி நிற்கிற மாதிரித் தோன்றும். முதலில் ஃப்ளெக்ஸ் வந்தது, பலகைகள் போயின. பிறகு கம்ப்யூட்டரில் வெட்டும் ரேடியம் ஸ்டிக்கர் வந்தது, லாரி போயிற்று. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு அலுமினியத் தகட்டில் எழுத்தைப் புடைத்தெடுத்த உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானபோது, கடைசியாக மிஞ்சியிருந்ததும் போயிற்று. அதற்குள் அவருக்குக் கையும் நடுங்க ஆரம்பித்திருந்தது. எது முந்தியது என்று நான் கேட்டதில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்து, நவீனக் கவிதை என்ற ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த வயதில், அப்பாவின் ஷேடுகள் எனக்கு அசிங்கமாகப் பட்டன. அலங்காரம், மிகை, இல்லாத கனத்தை இருப்பதாகக் காட்டும் மோசடி – இப்படியெல்லாம் பிற்காலத்தில் நான் மற்றவர்களுடைய கவிதைகளைப் பற்றி எழுதிய வசைகள் பலவும் முதலில் என் மனசுக்குள் அப்பாவின் பலகைகளைப் பார்த்து உருவானவை. அவரிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்றும் நினைக்கவில்லை.

அப்பா வந்து என் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டார். ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்தாகிவிட்டது. அந்தக் கண்ணால் பம்பரைக் கிட்டத்தில் பார்த்தார்.

'டேப்பு எதுக்குடா போட்ட?'

'வெளிய போகாம இருக்கப்பா.'

'போவட்டுமே' என்றார்.

மீசைகளையெல்லாம் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தெடுக்கச் சொன்னார். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைச் சாப்பிட்டுவிடும். பிறகு வீட்டிலிருந்து மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் படுக்கவைத்து எழுத்துகளுக்கு மேலாக நாலைந்து தடவை தேய்த்தார். மெழுகு மேட்டில் மட்டும் படிந்து சொரசொரப்பின் இடுக்குகளை அடைத்தது. பள்ளத்துக்குள் இறங்கவில்லை. 'இப்ப ஊத்து' என்றார். எனக்குப் புரியவில்லை. பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கி, எனாமலைத் தாராளமாகத் தோய்த்து, ஆறு எழுத்துகளின் மேலும் அப்படியே இழுத்துவிட்டார். விளிம்பு, பள்ளம், மேடு ஒன்றும் பார்க்கவில்லை. நடுங்குகிற கைக்கு அது பெரிய விடுதலையாக இருந்திருக்க வேண்டும். பெயர் முழுசாக ஒரு வெள்ளைத் திட்டுக்குள் காணாமல் போயிற்று.

ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். மேலே உள்ள பெயின்ட் இறுகத் தொடங்குகிற சமயம். அப்பா காலி தீப்பெட்டி ஒன்றின் மேல் பழைய வேட்டித் துணியை மடிப்பு விழாமல் இழுத்துச் சுற்றி, டர்பன்டைனில் ஒற்றிப் பிழிந்து, எழுத்துகளுக்குக் குறுக்காக ஒரே வாக்கில் இழுத்தார். துணி தட்டையாக இருப்பதால் பள்ளத்துக்குள் தொய்ந்து விழாது. ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதிய பக்கம். நாலாவது இழுப்பில் எழுத்துகள் வந்துவிட்டன. விளிம்பு, பிளேடால் கீறிய நான் கனவு காண முடியாத விளிம்பு. அந்த விளிம்பு எஃகு அச்சு போட்டது. அதை நான் மறுபடி போட வேண்டியிருக்கவில்லை.

'நெரப்புறது யார் வேணா நெரப்பலாம். தொடைக்கத் தெரியணும்' என்றார். கொஞ்சம் விலகி நின்று பார்த்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. 'இதுக்கு ஷேடு போட வேணாம். வெயிலே போடுது.' வாழ்நாள் முழுதும் தட்டைப் பலகையில் மேடு பள்ளத்தைப் பொய்யாக உண்டாக்கியவருக்கு முதல் முறையாக நிஜப் பள்ளம் கிடைத்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பொய்யை அவர் எவ்வளவு கணக்காகச் செய்தார் என்பதும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எந்த விளிம்பில் விழும் என்பதைச் சூரியன் செய்வது போலவே அவர் பலகைகள் செய்தன. அதை மிகை என்று சொன்னவன் ஒரு தடவையாவது நிழலைப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் செய்தது புதிதொன்றும் இல்லை. ஓலைச்சுவடி எழுதியவர்கள் செய்ததுதான். எழுத்தாணி ஓலையில் கீறிய எழுத்துக்கு நிறம் கிடையாது. கோவை இலை, ஊமத்தை இலைச் சாற்றோடு கரியைக் குழைத்து ஓலை முழுவதும் தடவி, பின் துடைத்தெடுப்பார்கள். கீறலில் தங்கியது எழுத்தாகும். மையாடல் என்று அதற்குப் பெயர். குழந்தைக்கு முதல் சுவடி தருவதையே அந்தப் பெயரால் ஒரு சடங்காகக் கொண்டாடியிருக்கிறார்கள். படிப்பின் ஆரம்பமே தடவித் துடைப்பதில் இருந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியும் ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு முன் உத்திரமேரூர் போயிருந்தேன். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்கிற விதியை ஒரு வங்கிக் குமாஸ்தா உரிய மரியாதையோடு நின்று பார்த்தான். கல்லில் எழுத்துக்கு மை கிடையாது. கல்வெட்டுத் துறையினர் படியெடுக்கும்போது ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, பிறகு மேட்டில் மட்டும் மையை ஒற்றுவார்கள். தாளில் உலகம் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். எழுத்தின் மேல் மை படவே கூடாது. அதைச் சுற்றியுள்ள அனைத்தையும் கறுப்பாக்கி, எழுத்தைத் தொடாமல் விட்டுவிடுவது. 1890 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் பெருமளவு இப்படி எடுத்த தாள்களிலிருந்து படிக்கப்பட்டவைதான்.

உள்ளே நிரப்புவது ஒரு வழி. வெளியே நிரப்பி உள்ளே விட்டுவிடுவது இன்னொரு வழி. இரண்டிலும் விளிம்பு செதுக்கியவனுடையது. என் முதல் முயற்சி இரண்டிலும் சேராது. விளிம்பை நானே போட முயன்றேன், டேப்பாலும் பிளேடாலும்.

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். இந்த வட்டத்தில் சிலருக்கு விஷயம் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் நண்பர் ஒருவருடைய முதல் கவிதைத் தொகுதிக்குப் பன்னிரண்டு பக்க விமர்சனம் எழுதினேன். சிறு கவிதைகள். நாலு வரி, ஐந்து வரி. சொல்லாமல் விட்ட இடங்களே அவற்றின் பலம். அந்த இடங்களையெல்லாம் நான் நிரப்பினேன். ஒரு கவிதையில் வரும் காலி நாற்காலிக்கு இருத்தலியல், இன்னொன்றின் நின்றுபோன குழாய்க்கு நகரமயமாதல், ஒரு தங்கையின் பெயருக்கு மரபின் இழப்பு. எதிர்மறை விமர்சனம் அல்ல, பாராட்டு. பலர் அதை நல்ல கட்டுரை என்றார்கள், தொகுதியை விடவும் என்று ஒருவர் சொன்னார், அதைக் கேட்டு நான் மறுக்காமல் இருந்தேன். நண்பர் மட்டும் இரண்டு வரி அனுப்பினார்: 'கட்டுரை நன்றாக வந்திருக்கிறது. அதில் என் கவிதைகள் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.' கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். அதன் பின் அவர் எதையும் அச்சுக்குத் தரவில்லை. என்னால்தான் என்று சொல்வதும் ஒருவகை அகந்தை. ஆனால் அந்தத் தொகுதியை இன்று யாராவது எடுத்தால் என் வழியாகவே படிக்கிறார்கள் என்பது நிஜம். தங்கையின் பெயர் அவருடைய தங்கையின் பெயர். அவள் இறந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விமர்சகன் நிரப்பக்கூடாது என்று இதிலிருந்து ஒரு விதி செய்யத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிரப்பாத ஓலையைப் படிக்க முடியாது. அப்பா என்னைவிடத் தாராளமாகத்தான் ஊற்றினார். நான் ஊற்றியதோடு எழுந்து போய்விட்டேன் என்பதுதான் தவறு. வெள்ளைத் திட்டைக் காட்டி, இதோ பெயர் என்றேன்.

காரின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அப்பா போட்ட எழுத்துகள் நாலு மாதம் நின்றன. மழைக்குப் பிறகு சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீரில் கழுவியபோது மூன்றாவது எழுத்து தோலாக உரிந்து போயிற்று, அடுத்த தடவை ஐந்தாவது. பம்பர் ஆலைப் பையனிடம் சொன்னேன். சிரித்தான். பாலிப்ரொப்பிலீன் பெயின்ட்டை ஏற்காத ஜாதியாம். ஆலையில் பெயின்ட் அடிக்கும் பம்பர்களின் மேல் முதலில் நெருப்புச் சுடரை ஒரு கணம் ஓடவிடுவார்கள், இல்லாவிட்டால் அதற்கென்றே உள்ள பிரைமரைப் பூசுவார்கள். அப்போதுதான் பிடிக்கும். மரத்திலும் தகரத்திலும் எழுதிய அப்பாவுக்கு இது தெரிய வழியில்லை. சொன்னேன். பம்பரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

'எழுத்து எங்கியும் போவல. பெயின்ட்டுதான் போச்சு. பிரைமர் வாங்கியா, மறுபடி போடலாம்' என்றார்.

பிரைமர் இன்னும் வாங்கவில்லை. இரண்டு எழுத்து கறுப்பாகவும் நாலு எழுத்து வெள்ளையாகவும் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையே அந்தப் பன்னிரண்டு பக்கத்தை எடுத்து, தொகுதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பென்சிலால் துடைக்க ஆரம்பித்தேன். கவிதையின் பள்ளத்தில் தங்காத வாக்கியம் ஒவ்வொன்றையும் அடித்தேன். நல்ல வாக்கியங்கள் பலவும் போயின, என் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றவை. மிஞ்சியது நாலு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை நண்பருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், ஒரு குறிப்பும் வைக்காமல். பதில் வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பிரைமர் வாங்கப் போக வேண்டும்.